பவளத் தொட்டிக்குத் தரமான விளக்கு

குறைதீர்ப்புத் துறையின் வேலை குறைகளைத் தீர்ப்பது என்று பொதுமக்களிடையே ஒரு தவறான எண்ணம் நெடுங்காலமாக நிலவி வருகிறது. அந்தத் துறையில் பொருட்பிரிவுக் கண்காணிப்பாளராக இருப்பவன் என்ற முறையில் அதை முதலில் மறுத்துவிடுகிறேன். எங்கள் வேலை குறைகளைப் பெற்றுக்கொள்வது. பெற்றுக்கொண்டதற்குச் சீட்டுக் கொடுப்பது. சீட்டை வாங்கியவர் உட்கார நாற்காலி போடுவது. தீர்ப்பது காலத்தின் வேலை. அதில் நாங்கள் தலையிடுவதில்லை.

நாற்காலி போட்ட இடத்தில்தான் சிக்கல் வந்தது. உட்கார்ந்தவர்கள் சும்மா உட்காரவில்லை. பக்கத்து நாற்காலிக்காரரிடம் பேசினார்கள். பேசப் பேச, தங்கள் குறை தங்களுக்கு மட்டும் இல்லை என்று தெரிந்துகொண்டார்கள். ஓர் அலுவலகத்துக்கு இதைவிடப் பெரிய ஆபத்து கிடையாது.

இதற்கு வழி கண்டுபிடிக்க எங்கள் இயக்குநர் வெளிநாடு போய் வந்தார். அங்குள்ள குறைதீர்ப்பு அலுவலகங்களைப் பார்வையிட்டதாக அவருடைய அறிக்கையில் இருக்கிறது. உண்மையில், போன இடத்தில் அவருக்குக் கடைவாய்ப் பல் வீங்கிப்போய், பாதிப் பயணத்தைப் பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் கழித்தார். அந்தக் கூடத்தில் ஒரு கடல்நீர்த் தொட்டி. உள்ளே பச்சையும் ஊதாவுமாக உயிருள்ள பவளங்கள். சுற்றிலும் கன்னம் வீங்கிய ஜனங்கள் ஒரு முனகல்கூட இல்லாமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

"பல்வலிக்காரனே வாயைத் திறக்கலைன்னா பாத்துக்கோங்க," என்றார் இயக்குநர், திரும்பி வந்ததும் கூட்டிய கூட்டத்தில். "நம்ம ஆளுங்களுக்கு வெறும் குடிதண்ணீர்ப் பிரச்சினைதானே!"

சாதாரண மீன்தொட்டி போதாதா என்று யாரோ கேட்டார்கள். தங்கமீன் முடிவெட்டும் கடையில்கூட இருக்கிறது, ஒரு துறைக்கென்று ஒரு தகுதி வேண்டாமா என்று இயக்குநர் திருப்பிக் கேட்டார். அதோடு பேச்சு முடிந்தது. தொட்டி வந்தது. ஆள் நீளத் தொட்டி. உப்புக் கரைத்த நீர். கீழே உறுமிக்கொண்டிருக்கும் பம்பு. மேலே ஒரு மெட்டல் ஹாலைடு பல்பு. பல்பு விரல் நீளம்தான் இருக்கும். எரிந்தால் நண்பகல் வெயிலைச் சுருட்டி வைத்த மாதிரி இருந்தது. நீர் அசைய அசைய கூடத்தின் தரையெல்லாம் ஒளி நெளிந்தது. ஜனங்கள் பேச்சை மறந்தார்கள். சீட்டைக்கூட மறந்து விட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு.

இதில் நான் எங்கே வருகிறேன் என்று சொல்லிவிடுகிறேன். என் மனைவிக்கு வேறோர் ஊரில் காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. இரவெல்லாம் ரயிலில் போனால்தான் அந்த ஊர் வரும். மகள் அவளோடு இருக்கிறாள். அந்த ஊருக்கு மாறுதல் கேட்டு நான் மனுப் போட்டிருந்தேன். ஊழியர் மனுவும் ஒரு குறைதான் என்பதால் அது எங்கள் துறைக்கே வந்தது. மனுவைக் கொடுத்தவனும் நான், பெற்றுக்கொண்டு சீட்டுக் கிழித்துக் கொடுத்தவனும் நான். அதற்குப் பிறகு மற்றவர்களைப் போல நானும் காத்திருந்தேன். போன தடவை ஊருக்குப் போயிருந்தபோது மகள் எனக்கு விருந்தாளிகளுக்குக் கொடுக்கும் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள். எனக்குச் சுருக்கென்றது.

இந்த நிலையில்தான் பவளங்கள் பழுப்பேற ஆரம்பித்தன. பச்சை போய், ஊதா போய், எல்லாம் காய்ந்த சேற்றின் நிறத்துக்கு வந்தன. தொட்டியை வைத்துக் கொடுத்த வியாபாரியை வரவழைத்தோம். அவருக்கு எங்கள் அலுவலகத்தில் கடல்காரர் என்று பெயர். அவர் பல்பை அண்ணாந்து பார்த்தார்.

"பல்பு கிழடாயிடுச்சு சார்," என்றார்.

"எரியுது இல்ல?" என்றார் இயக்குநர்.

"எரியும் சார். ஆனா நாளாக ஆக வெளிச்சத்தோட நிறம் மாறிடும். நம்ம கண்ணுக்குத் தெரியாது, பவளத்துக்குத் தெரியும். வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும்."

"எரியற விளக்கை மாத்த விதியில இடம் இல்லையே."

"அப்ப பவளம் செத்துடும் சார்."

பவளம் சாகவும் விதியில் இடம் இல்லை. அடுத்த ஆண்டு ஆணையர் ஆய்வுக்கு வருகிறார். தொட்டியைப் பற்றி இயக்குநர் ஏற்கெனவே அவருக்குப் பெருமையாக எழுதியாகிவிட்டது. எனவே, 'பவளத் தொட்டிக்குத் தரமான விளக்குத் தெரிவுக் குழு' ஒன்று அமைக்கப்பட்டது. நான் அதன் செயலாளர்.

இயக்குநர் என்னைத் தனியாக அழைத்தார். "உங்க மாறுதல் ஃபைல் என் மேஜையிலதான் இருக்கு. பவளத்துக்குப் பழைய நிறம் வரட்டும். அன்னைக்கே கையெழுத்து."

"இப்பவே போட்டுட்டா நல்லா இருக்கும் சார். குழந்தை..."

"நீங்க போயிட்டா விளக்கை யாரு வாங்கறது? நீங்க இல்லாம இந்தத் துறை ஓடுமா?"

அதுவரை என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வெட்கம் கெட்டு மனம் குளிர்ந்துபோனேன். வெளியே வந்த பிறகுதான் கையில் ஒன்றும் இல்லை என்பது உறைத்தது.

குழுவில் இன்னும் இரண்டு பேர். ஒருவர் கணக்கு அதிகாரி. காற்புள்ளி என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். எந்தக் குறிப்பையும் அவர் முற்றுப்புள்ளி வைத்து முடித்ததில்லை. பின்னால் பொறுப்பு வந்தால் தொடர்ந்து எழுத வசதியாக ஒரு காற்புள்ளியோடு நிறுத்திவிடுவார். மற்றவர் மின்பொறியாளர். கடல்காரர் சிறப்பு அழைப்பாளர். அதாவது நாற்காலி உண்டு, தேநீர் இல்லை.

"பல்புல எத்தனை வகை?" என்று தொடங்கினார் காற்புள்ளி.

"வெளிச்சத்து நிறத்துக்குக் கெல்வின்னு ஒரு கணக்கு சார்," என்றார் கடல்காரர். "பத்தாயிரம்னா பளிச்சுனு வெள்ளை. பதினாலாயிரம்னா கொஞ்சம் நீலம் கலந்த வெள்ளை. இருபதாயிரம்னா ஆழ்கடல் நீலம்."

"விலை?"

"ஏறக்குறைய எல்லாம் ஒண்ணுதான்."

காற்புள்ளி பேனாவைக் கீழே வைத்தார். "அதே விலைக்கு இருபதாயிரம் கிடைக்கறப்ப பத்தாயிரத்தை வாங்கினா, மிச்சப் பத்தாயிரம் எங்கேன்னு தணிக்கையில கேப்பாங்க. நீங்க வந்து பதில் சொல்வீங்களா?"

"அது கூடக்குறைச்சல் இல்ல சார். நிறம்."

"நிறத்துக்கு எதுக்குய்யா நம்பர்?"

கடல்காரர் என்னைப் பார்த்தார். நான் சன்னலைப் பார்த்தேன்.

"பல்புக்குக் கரன்ட் கொடுக்கற சோக்குக்குப் பொருந்தற பல்பா வாங்கணும்," என்றார் பொறியாளர். "பொருந்தலைன்னா ஒண்ணு எரியாது, இல்லேன்னா சீக்கிரம் போயிடும்."

"சோக்கு உங்க மின்பிரிவுச் சொத்து. பல்பு இவரோட பொருட்பிரிவுச் சொத்து. ரெண்டையும் பொருத்திப் பாக்கறது இந்தக் குழுவோட வரம்புல வராது," என்றார் காற்புள்ளி. பொறியாளர் யோசித்துப் பார்த்து, அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார்.

பிறகு தரம் என்ற சொல்லுக்கு வந்தோம். குழுவின் பெயரிலேயே அது இருப்பதால் தாண்டிப் போக வழியில்லை. கடல்காரர் தம் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேஜைமேல் வைத்தார். அதன்மேல் வாயைப் பிளந்தபடி ஒரு சுறா.

"இது ரொம்பத் தரம் சார். சுறாப் படமே போட்டிருக்கான் பாருங்க."

"பவளத்துக்குச் சுறா எதுக்கு?"

"சுறாவுக்கே ஒத்துக்கிட்டா பவளத்துக்கு ஒத்துக்காதா சார்?"

இந்த வாதத்தில் குழு கொஞ்சம் அசைந்தது. ஆனால் காற்புள்ளி விடவில்லை. "எத்தனை மணி நேரம் எரியும்?"

"பெட்டியிலேயே போட்டிருக்கு சார்."

"பெட்டியில போட்டிருக்கறது கம்பெனியோட கருத்து. நம்ம துறையோட கருத்து என்ன?"

"எரிய விட்டுப் பாத்தாத்தான் தெரியும்," என்றார் பொறியாளர்.

"எதுவரைக்கும்?"

"அணையற வரைக்கும். நடுவுல நிறுத்தினா அதோட முழு ஆயுசு எப்படித் தெரியும்?"

"அதேதான்! எழுதிக்கோங்க," என்றார் காற்புள்ளி என்னிடம்.

'விளக்கானது தன் முழு ஆயுளும் எரிந்து அணைந்த பின்னரே அதன் தரம் ஐயத்திற்கிடமின்றி நிறுவப்பட்டதாகக் கொள்ளப்படும்' என்று எழுதினேன். படித்துக் காட்டியபோது ஒரு குறையும் தென்படவில்லை. அலுவலக மொழிக்கு அந்தச் சக்தி உண்டு.

அன்று மாலை மனைவி தொலைபேசியில் கூப்பிட்டாள்.

"பல்புதானே? கடைக்குப் போய் ஒண்ணை வாங்கி மாட்டிட்டுக் கிளம்பி வாங்களேன்."

"அப்படியெல்லாம் மாட்டிட முடியாது. தரத்தை நிறுவணும்."

"உங்க தரத்தை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ணட்டும்? இங்க குழந்தைக்கு ஜுரம். லீவு போட்டு ஒருத்தியாத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையறேன்."

'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று வாய்வரை வந்ததை மென்று விழுங்கினேன்.

சோதனைக்கு இரண்டு கம்பெனிப் பல்புகள் வாங்கினோம். முதல் பல்பு வந்ததும் குழு அதை நேரில் சரிபார்த்தது. எங்கள் துறையில் நேரில் சரிபார்ப்பது என்றால் கையில் எடுத்து உருட்டிப் பார்ப்பது. நாற்காலியானாலும் அப்படித்தான், நல்ல பாம்பானாலும் அப்படித்தான்.

"கண்ணாடியில கை வெக்காதீங்க சார்!" என்று கடல்காரர் பதறினார். "விரல் எண்ணெய் பட்டா சூட்டுல வெடிச்சிடும்!"

"தொடாமலே தொட்டுப் பாத்தேன்னு கையெழுத்துப் போடச் சொல்றியா?" என்றார் காற்புள்ளி. அவர் உருட்டிவிட்டுப் பொறியாளரிடம் கொடுத்தார். பொறியாளர் என்னிடம் கொடுத்தார். நானும் உருட்டினேன். பிறகு, துறையின் எந்தப் பொருளிலும் இருப்பு எண் எழுதப்பட வேண்டும் என்ற விதிப்படி, அதன் கண்ணாடியில் வெள்ளைப் பெயின்டால் எண்ணையும் எழுதினேன். மாட்டி, சுவிட்சைப் போட்டு, அது சூடேறியதுதான் தாமதம், டப்பென்று போயிற்று. 'அதிகாரிகளின் கை பட்டதைத் தாங்கும் திறன் இல்லாத விளக்கு. நிராகரிக்கப்படுகிறது,' என்று காற்புள்ளி குறிப்பெழுதி, ஒரு காற்புள்ளியும் வைத்தார்.

சுறாப் பல்பைக் கடல்காரர் எங்கள் கைக்குக் கொடுக்கவே இல்லை. கைக்குட்டையால் பிடித்துத் தாமே மாட்டிவிட்டு, பெட்டியில் இருப்பு எண் எழுதிக்கொள்ளுங்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

சோதனை நடந்தது பழைய கோப்புகள் வைக்கும் அறையில். சுறாப் பல்பு அங்கே இரவு பகலாக எரிந்தது. என்ன வெளிச்சம்! துறையிலேயே மிகச் சிறந்த ஒளி, எவரும் திறந்து பார்க்காத கோப்புகளுக்குக் கிடைத்தது. கொஞ்ச நாளில் ஊழியர்கள் அதன் அருமையை உணர்ந்தார்கள். மதியச் சாப்பாட்டு டப்பாக்களை அதன் அடியில் வரிசையாக வைத்துச் சூடேற்றிக்கொண்டார்கள். மழைக்காலத்தில் குடைகள் காய்ந்தன. தட்டச்சு அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்தால் நேரே அங்கேதான் போவார். கூடத்தில் பவளங்கள் கிழட்டுப் பல்பின் கீழே சேற்று நிறத்தில் சுருண்டுகிடந்தன. நான் மட்டும் காலையில் வந்ததும் கோப்பறைக் கதவைத் திறந்து, பல்பு அணைந்துவிட்டதா என்று ஆவலோடு பார்ப்பேன். நல்ல விளக்கு ஒன்று அணைய வேண்டும் என்று வேண்டிக்கொண்ட மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு வழியாக அணைந்தது. நாங்கள் கை குலுக்கிக்கொண்டோம். சுறாப் பல்பு பெட்டியில் போட்டிருந்ததைவிட அதிகமாகவே எரிந்திருந்தது. தரச்சான்று அச்சாகி வந்தது. கிழட்டுப் பல்பைக் கழற்றிவிட்டு, சான்று பெற்ற பல்பைத் தொட்டியில் மாட்டினோம். கூடம் நிறைய ஜனங்கள். இயக்குநர் சுவிட்சைப் போட்டார். கைதட்டல் எழுந்தது, கொஞ்ச நேரத்தில் தானாகத் தேய்ந்து நின்றது.

"ஏன் எரியலை?" என்றார் இயக்குநர் தாழ்ந்த குரலில்.

"முழு ஆயுசும் எரிஞ்சிடுச்சு சார். அதுக்குத்தானே சான்று," என்றார் காற்புள்ளி.

"அப்ப இது தரமான விளக்குதானே?"

"நம்மகிட்ட இருக்கறதுலயே இதுதான் சார் தரமானது."

"அப்ப சரி," என்றார் இயக்குநர்.

என் மாறுதல் கண்முன்னால் இருட்டில் போவது தெரிந்தது. துணிந்து வாயைத் திறந்தேன். "இதே கம்பெனியில இன்னொண்ணு வாங்கி மாட்டிடலாமே சார்?"

"அது வேற பல்பு," என்றார் காற்புள்ளி. "அதுக்குச் சான்று இருக்கா?"

"ஒரே கம்பெனிதானே சார்."

"ஒரே வயித்துல பொறந்தவங்க எல்லாம் ஒரே மாதிரியா இருக்காங்க? என் தம்பியைப் பாத்திருக்கீங்களா நீங்க?"

நான் பார்த்திருக்கிறேன். பழைய பல்பையாவது திரும்ப மாட்டலாம் என்றால், தரமான விளக்கை எடுத்துவிட்டுத் தரமற்றதைப் பொருத்துவது ஒழுங்கீனம். தொட்டி இருண்டது.

இருண்ட தொட்டியின் முன்னால் ஜனங்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தார்கள். நாள்தோறும் வருகிறவர்களில் குழாயம்மா என்று ஒருவர் உண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை என்று மனுக் கொடுத்துக் கொடுத்து அந்தப் பெயரே நிலைத்துவிட்டது. எல்லா மனுக்களுக்கும் சீட்டு வைத்திருக்கிறார். பதில் ஒன்றுக்கும் வந்ததில்லை. அவர்தான் முதலில், தொட்டி இருட்டாக இருக்கிறது என்று ஒரு மனு எழுதி மனுப் பெட்டியில் போட்டார்.

அந்த மனு என் பிரிவுக்கு வந்தது. குழாய் வேறு துறை, சாலை வேறு துறை, ஓய்வூதியம் வேறு துறை. தொட்டி எங்கள் கட்டிடத்தில், என் பொறுப்பில் இருக்கிறது. துறை வரலாற்றில் முதல்முறையாக நாங்களே பதில் சொல்லக்கூடிய ஒரு குறை வந்திருக்கிறது! உற்சாகமாக எழுதினேன்: 'தங்கள் மனு பரிசீலிக்கப்பட்டது. தொட்டியில் தரமான விளக்கு பொருத்தப்பட்டுள்ளது என்றும், அது எரிவது தொடர்பாகக் குழு தனியே ஆய்ந்து வருகிறது என்றும் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது.'

அந்த வாரமே கடிதம் குழாயம்மாவின் கைக்குப் போயிற்று. அவருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. கடிதத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகப் போய்க் காட்டினார். "பாருங்க, என் பேரைப் போட்டு எழுதியிருக்காங்க! கீழ கையெழுத்துகூட இருக்கு!"

நாற்காலிகள் அத்தனையும் யோசித்தன. தண்ணீரைப் பற்றி எழுதினால் பதில் வராது. பல்பைப் பற்றி எழுதினால் வருகிறது. பதில் வேண்டியவன் எதைப் பற்றி எழுதுவான்? மறுநாள் பெட்டி நிறைய பல்பு மனுக்கள். எல்லாவற்றுக்கும் பதில் போட்டேன். பல்பின் வகை பற்றிப் பொதுமக்கள் கருத்துத் தெரிவிக்கலாம் என்று ஒரு கடிதத்தில் மரியாதைக்காகச் சேர்த்துவிட்டேன். அங்கேதான் பற்றிக்கொண்டது.

ஓய்வூதியத்துக்காக வந்துகொண்டிருந்த கணக்கு வாத்தியார், இருபதாயிரம் கெல்வினைவிட ஒரு கெல்வின் குறைந்தாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன் என்றார். பாதிக் கூடம் அவர் பக்கம் போயிற்று. குழாயம்மா பதினாலாயிரம்தான் நிதானம் என்றார். இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி நாற்காலி வரிசைகள் ஏற்பட்டன. ஒரு வரிசைக்காரர் மற்ற வரிசையில் உட்கார்ந்தால் முறைத்தார்கள். செய்தி ஊருக்குள் பரவியது. தையல்கடையில் இருபதாயிரம் கெல்வின் நீலத்தில் சட்டைத் துணி வந்திருப்பதாகப் பலகை வைத்தார்கள். வங்கியில், மருந்துக் கடையில், கார் பழுது பார்க்கும் இடத்தில்கூடப் பவளத் தொட்டி வந்தது. வெளியூர் அலுவலகங்களும் போட்டி போட்டுக்கொண்டு தொட்டி வாங்கின. தொட்டி வாங்க முடியாதவர்கள் பல்பை மட்டும் வாங்கி வரவேற்பறையில் வைத்தார்கள். கடல்காரர் கார் வாங்கினார். வாடகை கேட்க வந்த என் வீட்டுக்காரர், வாடகையை மறந்து, "நீங்க எந்தப் பக்கம் சார்?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டுவிட்டுப் போனார்.

ஒருநாள் குழாயம்மாவிடம் கேட்டேன். "தெருக்குழாயில தண்ணி வருதாம்மா?"

"அது கெடக்குது சார்," என்றார் அவர். "பதினாலாயிரம் எப்ப வரும்? அதைச் சொல்லுங்க."

இயக்குநர் முதலில் பயந்தார். பிறகு மாதாந்தர அறிக்கையைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குடிநீர் பற்றிய மனு: இல்லை. சாலை பற்றிய மனு: இல்லை. ஓய்வூதியம்: இல்லை. ஊரில் குறை என்று இருப்பது ஒரே ஒரு பல்பு.

பவளங்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். எல்லோரும் மறந்துதான் இருந்தார்கள். இருட்டில் கிடந்து அவை எலும்பாக வெளுத்துவிட்டன. நான் அலுவலகம் விட்டதும் கைப்பேசி விளக்கை அடித்துப் பார்ப்பேன். ஒரே ஒரு கிளையின் அடியில் நகமளவுக்குப் பச்சை மிச்சம் இருந்தது. அது உயிரோடு இருந்தது. யார் எதற்காகக் கொண்டுவந்து வைத்தார்கள் என்று தெரியாமல், ஒரு கையெழுத்துக்காக இருட்டில் உட்கார்ந்திருக்கிறதே என்று எனக்கு அதன்மேல் தாங்க முடியாத இரக்கம் வந்தது. அதன் முன்னால் நிற்கும் நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போயிற்று.

ஆணையர் வரும் நாள் நெருங்கியது. பழைய நிறம் வராததால் என் கோப்பில் கையெழுத்தும் விழவில்லை. மனைவி கூப்பிட்டாள். அவள் குரலில் கோபம் இல்லாததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"எனக்குப் பதவி உயர்வு வந்திருக்கு. இன்னும் தூரத்து ஊர். நீங்க வருவீங்கன்னு ரெண்டு தடவை வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்க ஆணையர்கிட்ட நேராவே கேட்டுடுங்க. இந்தத் தடவையும் நடக்கலைன்னா நான் வாங்கிக்கிட்டுப் போயிடறேன். அப்புறம் உங்களுக்கு மாறுதல் எதுக்கு?"

"கேக்கறேன்," என்றேன். "சத்தியமாக் கேக்கறேன்."

ஆணையர் வந்தார். அறிக்கையைப் புரட்டினார். "குடிநீர்க் குறையே இல்லையா?" என்று வியந்தார். கூடத்துக்கு வந்து தொட்டியைப் பார்த்தார். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"அட, என்ன சுத்தம்! நான் பாத்த தொட்டியில எல்லாம் பவளம் பச்சையும் ஊதாவுமா ஒரே அழுக்கா இருக்கும்."

"தினமும் பராமரிக்கறோம் சார்," என்றார் இயக்குநர். எல்லாத் துறைகளும் பவளத்தை இதே வெண்மையில் பராமரிக்க வேண்டும் என்று ஆணையர் அங்கேயே சொல்ல, உதவியாளர் குறித்துக்கொண்டார்.

ஆய்வின் கடைசி நிகழ்ச்சி, ஊழியர் குறைகேட்பு. இயக்குநர் அறையில் ஆணையர் தனியாக உட்கார்ந்திருந்தார். வரிசையில் முதல் ஆள் நான். சொல்ல வேண்டியதைக் காலையிலிருந்து உருப்போட்டிருந்தேன். மனைவி தனியாக இருக்கிறாள், குழந்தைக்கு அடிக்கடி உடம்புக்கு முடிவதில்லை, என்னை அந்த ஊருக்கு மாற்றுங்கள். மூன்றே வாக்கியம்.

"உட்காருங்க. உங்க குறை என்ன?" என்றார் ஆணையர். நல்ல மனிதர். அத்தனை ஆண்டு வேலையில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள்.

கதவு திறந்திருந்தது, அதன் வழியே தொட்டி தெரிந்தது. யாரோ கைப்பேசி விளக்கை அடித்துக் குழந்தைக்குக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

"விளக்கு சார்," என்றேன்.

"எந்த விளக்கு?"

"தொட்டி விளக்கு சார். பதினாலாயிரம் கெல்வின் போடணும். பத்தாயிரம் கண்ணைப் பறிக்கும், இருபதாயிரத்துல நீலம்தான் இருக்கும், சத்து இருக்காது. சோக்குக்குப் பொருந்தற பல்பா வாங்கணும். கண்ணாடியில கை படக் கூடாது. எடுத்த எடுப்புல பக்கத்துல வெச்சா பவளம் கருகிடும் சார், இருட்டுலயே இருந்து பழகிடுச்சு. முதல்ல உயரத் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமா இறக்கணும். இன்னும் நகமளவு உயிர் இருக்கு சார். விட்டா அதுவும் போயிடும்."

பேசி முடித்தபோது என் கன்னம் நனைந்திருந்தது. ஆணையரும் நெகிழ்ந்துவிட்டார். தமக்கென்று எதுவும் கேட்காத ஊழியரை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார். ஒரு தாளை இழுத்து, 'உடனே வழங்குக' என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவர் முற்றுப்புள்ளி வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். வெளியே வந்தபோது பதினாலாயிரம் வரிசை எழுந்து நின்று கைதட்டியது. குழாயம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் ஏதோ ஒன்றைச் சாதித்துவிட்ட நிறைவோடு படியிறங்கினேன்.

கடைசிப் படியில் கைப்பேசி அடித்தது.

"கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"உடனே கையெழுத்துப் போட்டுட்டாரு."

"நிஜமாவா!" அவள் குரல் உடைந்தது. அவள் அப்படிச் சந்தோஷப்பட்டு நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. அப்போதுதான் எனக்கு விளங்கியது, நான் என்ன செய்துவிட்டு வந்திருக்கிறேன் என்று. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மறைக்கத் தோன்றவில்லை. கேட்டதையும் கிடைத்ததையும் ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

"எத்தனை கெல்வின் சொன்னீங்க?" என்றாள்.

"பதினாலாயிரம்."

"அய்யோ, என்னங்க நீங்க! கேட்டதுதான் கேட்டீங்க, இருபதாயிரமாக் கேட்டிருக்கக் கூடாதா? எங்க ஆஃபீஸ் தொட்டிக்கு அதான் வேணும்னு நாங்க எல்லாரும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கோம். இப்ப நீங்களே பதினாலாயிரம்னு ஆர்டர் வாங்கிட்டா நான் இங்க எந்த முகத்தோட போய் நிக்கறது?"

நடுவில் மகள் ஃபோனை இழுப்பது கேட்டது. "அம்மா, அப்பா வராரா, இல்லையா?"

"சும்மா இருடி," என்றாள் மனைவி. "அப்பாவும் அம்மாவும் முக்கியமான விஷயம் பேசிக்கிட்டிருக்கோம்."